ஆட்டிசம்: ஒன்றரை வயசுக்கு ஏது மன இறுக்கம்?

பேச்சிலும் பழகுவதிலும் குழந்தையை வேறுபடுத்திக் காட்டும், மூளை வளர்ச்சி சார்ந்த நிலைதான் ஆட்டிசம். அதற்கு ‘மன இறுக்கம்’ என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். செய்தித்தாளில் வருகிறது, சுவரொட்டியில் வருகிறது, ஏப்ரல் 2 ஆட்டிச விழிப்புணர்வு நாள் வந்துவிட்டால் வாட்ஸப்பில் வரிசைகட்டி வருகிறது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். போன மாதம் கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கச்சி தன் தம்பியின் காகிதங்களோடு வந்தபோதுதான் எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. பையனுக்கு இரண்டேகால் வயது. மலையாளத்தில் இருந்த குறிப்புக்குக் கீழே வீட்டாருக்குப் புரியட்டும் என்று யாரோ தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்: ‘மன இறுக்கம் இருக்கலாம் எனச் சந்தேகம். பேச்சுத் தாமதம்.’ இரண்டு வரி, இரண்டும் தப்பு.

“ஏனுங்ணா, இத்தூண்டு பையனுக்கு என்னங்ணா மன இறுக்கம்? அம்மா தோட்ட வேலைக்குப் போறதாலங்களா?” என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வி போதும், சொல் எங்கே போய்க் குத்துகிறது என்று காட்ட.

வேர் சின்னதுதான். கிரேக்கத்தில் ‘ஆட்டோஸ்’ என்றால் ‘தான்’. தானாக ஓடுகிற நம் ஆட்டோவுக்கும் அதே வேர். (எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு அது ஆட்டோ, மீதிப் பேருக்கு ஓட்டோ, அதே கணக்கில் ஆட்டிசமும் ஓட்டிசமாகும். இலங்கைத் தமிழர் எழுதுவதும் ஓட்டிசம்தான்.) சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் யூஜின் பிளாய்லர், மனச்சிதைவு நோயாளிகள் வெளியுலகை விட்டுத் தமக்குள் ஒதுங்கிக்கொள்வதைக் குறிக்க 1911 வாக்கில் இந்தச் சொல்லைக் கையாண்டார். 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதும்போது அதையே எடுத்துக்கொண்டார். மனச்சிதைவு வேறு, இது வேறு என்று பின்னால் பிரித்துவிட்டார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இப்போது மன இறுக்கத்துக்கு வருவோம். கடன்காரன் வாசலில் நின்றால் மன இறுக்கம். மகள் கல்யாணம் தட்டிப்போனால் மன இறுக்கம். யோகா வகுப்பு விளம்பரத்தில்கூட ‘மன இறுக்கம் குறைய’ என்றுதான் போடுகிறார்கள். தமிழில் மனசு சும்மா இறுகாது. அதற்கு ஒரு காரணம் வேண்டும், காரணத்துக்கு ஓர் ஆள் வேண்டும். ஒன்றரை வயசுக் குழந்தையின் வீட்டில் ஆள் தேடினால் கையில் அகப்படுவது அம்மாதான்.

இது கற்பனைப் பயம் இல்லை. பாசம் காட்டாத அம்மாவால்தான் குழந்தைக்கு ஆட்டிசம் வருகிறது என்று அமெரிக்காவில் 1950-களிலும் 60-களிலும் பெரிய டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ‘ஃப்ரிட்ஜ் அம்மா’ என்று பட்டப்பெயர்கூட உண்டு. பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், தானும் ஆட்டிசமுள்ள ஒரு பையனின் தகப்பன், 1964-ல் அதை எதிர்த்து, இது மூளை வளர்ச்சி சார்ந்தது என்று விரிவாக எழுதினார். பிறகு வந்த மரபணு ஆராய்ச்சிகளும் அந்தப் பக்கமே நின்றன. உலகம் கைவிட்ட பழியை நாம் ஒரு கலைச்சொல்லில் மடித்து எடுத்துவந்து, அதே எல்லைப்பக்கத்து வேலந்தாவளத்துத் தாயின் தலையில் வைக்கிறோம்.

‘இறுக்கம் என்றால் தனக்குள் மூடிக்கொள்வது, நீங்கள் ஏன் தப்பாக எடுத்துக்கொள்கிறீர்கள்?’ என்று தமிழாசிரியர் நண்பர் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். சரி, அவர் படித்தவர், அப்படி எடுத்துக்கொள்வார். அந்தப் பையனின் அப்பா தென்னை ஏறுகிறவர். அவர் காதில் விழுகிற பொருளைத்தானே நான் பார்க்க வேண்டும்?

‘மதியிறுக்கம்’ இன்னும் மோசம். மதி என்றால் அறிவு; கேட்டதுமே ‘ஓ, புத்தி மட்டு’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஆட்டிசமுள்ளவர்களில் அறிவுத்திறன் குறைந்தவர்கள் உண்டு, எல்லாரையும்போல இருப்பவர்கள் உண்டு, நம்மைத் தூக்கிச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. ‘தன்முனைப்புக் குறைபாடு’ என்றும் ஒன்று உலவுகிறது. தன்முனைப்பு என்றால் அகந்தை என்றுதான் நான் படித்தேன். அகந்தை குறைந்தால் அதை ஞானம் என்பார்கள், சான்றிதழ் வாங்கச் சொல்ல மாட்டார்கள்.

தமிழ்நாட்டு அரசு அறிவிப்புகளில் வரும் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’தான் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது. இந்தப் பையன் பக்கத்துக் கோயிலில் செண்டை தொடங்கினால் பெரியவர்கள் கவனிப்பதற்கு முன்பே காதைப் பொத்திக்கொள்கிறான். சட்டைக் கழுத்தில் தைத்த லேபிள் உறுத்தினால் அதைக் கழற்றும்வரை ஓயாத அழுகை. புற உலகம் அவன் மேல் அளவுக்கு மேலேயே வந்து கொட்டுகிறது. அவனைப் போய்ச் சிந்தனையற்றோர் பட்டியலில் சேர்ப்பதா? மொழிபெயர்த்தவர்கள் பிளாய்லர் காலத்துப் பொருளை அகராதியில் பிடித்து நிறுத்திவிட்டார்கள்; குழந்தையைப் பார்க்கவே இல்லை.

அப்போது சரியான தமிழ்ச் சொல் எது? என் கட்சி: ஆட்டிசம். மலேரியா, காலரா, போலியோ எதையும் மொழிபெயர்த்துவிட்டா மருந்து கொடுத்தோம்? வடசொல்லை நம் எழுத்துக்கு மாற்றிச் சேர்த்துக்கொள்ளத் தொல்காப்பியரே வழி விட்டிருக்கிறார். தூய்மை பேசுகிறவர்கள் அவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஒரு வில்லங்கம் உண்டு: குழந்தை கையை உதறி உதறி ஆட்டுவதால்தான் ‘ஆட்டிசம்’ என்று எங்கள் தெரு அம்முச்சி ஒருவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொற்பிறப்பாகப் பார்த்தால் அபத்தம். ஆனால் அதில் யார் மேலும் பழி இல்லை, எனவே நான் திருத்தவில்லை.

அப்புறம் இரண்டாவது வரி, ‘பேச்சுத் தாமதம்’. அக்காக்காரி சொன்னதைக் கேளுங்கள். ஒன்றேகால் வயதில் ‘தா’, ‘காக்கா’, ‘பூ’, ‘தண்ணி’ எல்லாம் சொன்னான். ஒன்றரை தாண்டியதும் ஒவ்வொன்றாகப் போனது. காக்காவைக் காட்டி விரல் நீட்டுவதும் நின்றது. இப்போது ‘ம்ம்’ மட்டும்தான். வராத பஸ்ஸுக்குத்தான் தாமதம் என்று பெயர். வந்து நின்று திரும்பிப் போன பஸ்ஸுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

மருத்துவத்திலும் இரண்டும் ஒன்றல்ல. ஆட்டிசமுள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படிக் கற்ற திறமைகள் கைநழுவுகின்றன, பெரும்பாலும் இரண்டு வயதை ஒட்டி. தாமதம் என்று எழுதினால் ‘அவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசினான்’ என்று வீட்டில் காத்திருப்பார்கள். பேச்சு போய்விட்டது என்று எழுதினால் முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள், உடனே குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் ஓடுவார்கள். மூன்று வயதுக்கு மேல், நன்றாகப் பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை இழந்தால் விஷயமே வேறாக இருக்கலாம். 1957-ல் லாண்டாவும் கிளெஃப்னரும் விவரித்த, வலிப்போடு தொடர்புள்ள அரிய கோளாறு ஒன்று உண்டு. மூளையின் மின்னோட்டப் பதிவு எடுத்தால்தான் அது தெரியும், அதுவும் தூக்கத்தில் எடுக்க வேண்டும். ‘தாமதம்’ என்ற சொல்லைப் பார்த்து அந்தப் பரிசோதனையை யார் கேட்கப்போகிறார்கள்?

ஒன்றரை வயதுத் தடுப்பூசியும் அதே சமயத்தில் வருவதால் ‘ஊசி போட்டதிலிருந்துதான்’ என்ற பேச்சும் கிளம்பும். அப்படித் தொடர்பு சொன்ன 1998-ம் ஆண்டுக் கட்டுரை 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதியது. அதை வெளியிட்ட இதழே 2010-ல் விலக்கிக்கொண்டது.

இதற்குச் சொல் ‘பேச்சிழப்பு’. பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கும் இதையே சொல்கிறார்கள் என்றால், ‘குழந்தைப் பேச்சிழப்பு’ என்று போட்டுக்கொள்ளலாம். ‘பேச்சுப் பின்னடைவு’ வேண்டாம். பின்னடைவு என்பது வாக்கு எண்ணிக்கையில் வேட்பாளருக்கு வருவது. மலையாளத்திலிருந்து வரிவரியாகப் பெயர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அங்கே ‘சம்சாரம்’ என்றால் பேச்சு. ‘சம்சாரக் குறைபாடு’ என்று தமிழில் எழுதிக் கொடுத்தால், இரண்டு வயசுப் பேரனுக்கு எதற்கு இப்போதே சம்சாரம் என்று தாத்தா கேட்கத்தான் செய்வார்.

ஆங்கில ‘ஸ்பெக்ட்ரம்’ என்பதைப் பெயர்த்த ‘ஆட்டிச நிறமாலை’யையும் விட்டுவிடலாம். 2013-க்குப் பிறகு பல வகைகளையும் ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்ததைச் சொல்ல ‘பலவகை ஆட்டிசம்’ போதும், வானவில்லைக் கூப்பிட வேண்டாம். கடைசியாக, சின்ன வயதிலேயே தொடங்கும் பயிற்சிக்கு எழுதுகிற ‘ஆரம்பகாலத் தலையீடு’. எங்கள் ஊரில் தலையீடு என்றால் கட்சிக்காரர் போலீஸ் ஸ்டேஷனில் செய்வது. ‘இளவயதுப் பயிற்சி’ என்று போடுங்கள், அங்கன்வாடி டீச்சருக்கும் புரியும், அம்மாவுக்கும் புரியும்.