பற்கறை அல்ல, பற்கறுப்பு

பற்களைக் கறுப்பாக்கிக்கொண்ட ஜப்பானியப் பெண்களின் பழைய ஒப்பனை பற்றித் தமிழில் எந்தக் கட்டுரை வந்தாலும் இரண்டாம் பத்திக்குள் 'பற்கறை' வந்து உட்கார்ந்துவிடுகிறது. "அந்தக் காலத்தில் மணமான பெண்கள் பற்களில் கறை பூசிக்கொண்டார்கள்" என்ற வாக்கியத்தை அண்மையில் மறுபடியும் ஓர் ஆவணப்படத்தின் தமிழ் வருணனையில் கேட்டேன். கறையை யாராவது பூசிக்கொள்வார்களா? கறை படியும், ஏறும், ஒட்டும். அதை நீக்கப் பல் மருத்துவருக்குப் பணம் கட்டுவோம். விரும்பிச் செய்துகொண்ட அலங்காரத்துக்கு அழுக்கின் பெயரைச் சூட்டிவிட்டு, 'விசித்திர வழக்கம்' என்று வியப்பது என்ன நியாயம்?

மூலச்சொல் 'ஒஹகுரோ'. 'ஹ' என்றால் பல், 'குரோ' என்றால் கறுப்பு, முன்னால் நிற்கும் 'ஒ' மரியாதைக்கு. அவ்வளவுதான். கறை, அழுக்கு, அசிங்கம் எதுவும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. மரியாதை முன்னொட்டே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஹெய்யான் காலத்தில், அதாவது கியோட்டோ அரசவையின் பொற்காலத்தில், பற்கள் கறுத்திருப்பது உயர்குடியின் அடையாளம். புருவத்தை மழித்துவிட்டு நெற்றியில் உயரத்தில் மையால் வரைந்துகொள்வதும், முகத்தில் வெள்ளை பூசுவதும், பல்லைக் கறுப்பாக்குவதும் சேர்ந்ததே ஒப்பனை. அக்காலக் கதை ஒன்றில் பூச்சிகளை நேசிக்கும் பிரபு வீட்டுப் பெண் ஒருத்தி வருகிறாள். புருவத்தையும் எடுக்க மாட்டாள், பல்லையும் கறுப்பாக்க மாட்டாள். பணிப்பெண்கள் அவளது புருவத்தைக் கம்பளிப்பூச்சி என்றும், வாயைத் தோலுரிந்த பூச்சி என்றும் கேலி பேசுகிறார்கள். அவர்கள் கண்ணுக்கு வெள்ளைப் பல்தான் குறை! ஆண்களுக்கும் இது உண்டு. 1184-இல் இச்சினோதானிப் போரில் தாயிரா குலத்துத் தடனோரி, எதிரியிடம் "நான் உங்கள் பக்கத்து ஆள்" என்று சொல்லித் தப்பப் பார்த்தார். எதிரிகளின் பக்கத்தில் யாரும் பல்லைக் கறுப்பாக்குவதில்லை; கறுத்த பற்கள் காட்டிக்கொடுத்துவிட்டன என்கிறது தாயிரா குலத்தின் வீழ்ச்சியைச் சொல்லும் ஹெய்க்கே காவியம். எடோ காலத்தில் (1603–1868) வழக்கம் நகரத்துப் பெண்களிடம் இறங்கி, மணமானவள் என்பதன் அடையாளமாயிற்று. 1870-இல் மெய்ஜி பேரரசரின் அரசு பிரபுக் குடும்பங்களுக்கு இதைத் தடை செய்தது. 1873-இல் பேரரசியே வெள்ளைப் பற்களோடு தோன்றிய பிறகு மற்றவர்களும் மெல்ல விட்டார்கள். இன்று கியோட்டோவில் மைக்கோ, அதாவது பயிற்சிநிலைக் கெய்ஷா, ஒருத்தி கெய்க்கோவாக, அதாவது முழுக் கெய்ஷாவாக, உயர்வதற்கு முந்தைய சில வாரங்களில் இதை இன்னும் காணலாம்.

செய்முறையைப் பார்த்தால் 'கறை' எவ்வளவு அபத்தம் என்று இன்னும் தெளிவாகும். இரும்புத் துண்டுகளைக் காடி, தேநீர், அரிசி மது போன்றவற்றில் ஊறப்போட்டுப் பல நாள் புளிக்க வைப்பார்கள். பழுப்பான, மூக்கைப் பொத்த வைக்கும் அந்த நீருக்குப் பெயர் 'கனெ'. தூரிகையில் கனெயைத் தோய்த்து, 'ஃபுஷி' என்னும் பொடியைத் தொட்டு, பல் பல்லாகத் தீட்டுவார்கள். ஃபுஷியிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு கூடி, நீரில் கரையாத கரிய பூச்சாகப் பல்லில் பிடிக்கும். சில நாளுக்கு ஒருமுறை திரும்பத் தீட்ட வேண்டும். முதல் முறை தீட்டும்போது ஏழு வீடுகளிலிருந்து கனெ வாங்கி வரும் சடங்கும் சில இடங்களில் இருந்தது. ஏழு வீட்டில் கேட்டு வாங்குகிற பொருளைக் கறை என்கிறோம்.

'கனெ' என்பதை 'இரும்புத் தண்ணீர்' என்று எழுதுகிறார்கள். துருப்பிடித்த குழாய்த் தண்ணீர் என்றுதான் படிப்பவர் நினைப்பார். அதை எழுதும் சீன எழுத்துகள் இரண்டில் முதலாவது இரும்பு. இரண்டாவது பழஞ்சீனத்தில் புளிப்பான ஒரு பானத்தைக் குறித்தது. தமிழில் 'காடி' இருக்கிறதே! 'இரும்புக்காடி' என்றால் பொருளும் சரி, புளிப்பும் சரி. ஃபுஷிக்கு ஏற்பட்ட கதி அதைவிட மோசம். ஒரு மொழிபெயர்ப்பில் 'பித்தக்கொட்டைப் பொடி' என்று இருந்தது. ஆங்கிலத்தில் பித்தத்துக்கும் மரத்தில் பூச்சியால் உண்டாகும் புடைப்புக்கும் ஒரே சொல். பெயர்த்தவர் அகராதியில் முதலில் கண்டதை எடுத்துக்கொண்டார். நாட்டு மருந்துக்கடையில் 'மாசிக்காய்' என்று கேட்டால் அதே இனத்துப் பொருளைக் கொடுப்பார்கள். ஜப்பானியருடையது வேறு மரத்தில் அசுவினிப் பூச்சியால் விளைவது. ஆகவே 'மாசிக்காய் போன்ற பூச்சிப்புடைப்பு' என்று எழுதினால் போதும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய நம் முன்னோர் இந்த வேதியியலை உடனே புரிந்துகொண்டிருப்பார்கள்: துவர்ப்பும் இரும்பும் கூடினால் கறுப்பு.

'கறை'க்கு வாதாடுபவர்கள் கையில் ஒரு வலுவான சான்று இருப்பதை மறைக்கக் கூடாது. புறநானூற்றின் கடவுள் வாழ்த்தில் "கறைமிடறு அணியலும் அணிந்தன்று" என்று வருகிறது. சிவன் கழுத்துக் கறை அங்கே அணி. "பார்த்தீர்களா, கறையும் அழகுதான்" என்கிறார்கள். ஆனால் அந்த அடியின் அழகே, குறையாகக் கருதப்படுவது அங்கே அணியாகிவிட்டது என்பதில்தானே இருக்கிறது? கறை இயல்பாகவே அழகுச் சொல்லாக இருந்தால் புலவர் அதை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டிய தேவை என்ன? அப்படியே ஒப்புக்கொண்டாலும், இன்று 'பற்கறை' என்ற சொல்லைப் பற்பசை விளம்பரங்கள் வளைத்துப் போட்டுவிட்டன. வெற்றிலை போட்டால் ஏறுவது காவி, துலக்காவிட்டால் படிவது காரை, தேநீரும் புகையிலையும் தருவது கறை. பல்லில் தானாகச் சேர்வதற்குத் தமிழில் பெயருக்குப் பஞ்சமில்லை. நாமாகத் தீட்டுவதற்குத்தான் பெயர் வேண்டும்.

'பற்சாயம்' என்போரும் உண்டு. கறையைவிட மேல், ஆனால் சாயம் என்றால் எந்த நிறமும் ஆகலாம், வெளுக்கவும் செய்யும். 'சாயம் வெளுத்தது' என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லில் பொய்வேடத்தின் வாடை ஏறிவிட்டது. கண்மையைப் பார்த்து 'பல்மை' என்று ஒருவர் படைத்தார். கேட்க நன்றாக இருந்தது. புணர்ச்சி விதிப்படி எழுதினால் அது 'பன்மை' ஆகிவிடும். ஜப்பானியப் பெண்கள் பன்மை தீட்டினார்கள் என்றால் இலக்கண ஆசிரியர் மயங்கி விழுவார்.

என் தேர்வு 'பற்கறுப்பு'. வினையாக வேண்டுமென்றால் 'பல்லுக்குக் கறுப்பிடுதல்': பொட்டிடுகிறோம், மையிடுகிறோம், கறுப்பும் இடலாம். ஏன் வல்லின 'று', 'கருப்பு' கூடாதா என்று உடனே வருவார்கள். கறுத்தல் வினை, அதிலிருந்து வருவது கறுப்பு. இங்கே பல் கரியதாகப் பிறக்கவில்லை, கறுக்க வைக்கப்படுகிறது. கறுப்பு என்றால் தொல்காப்பியத்தில் வெகுளி அல்லவா என்றால், நிறத்துக்கும் உரியது என்று அடுத்த நூற்பாவிலேயே தொல்காப்பியர் சொல்லிவிட்டார்.

உண்மையில் கோளாறு சொல்லில் மட்டும் இல்லை. முல்லை முறுவல், முத்துப்பல் என்று பாடிப் பழகிய நமக்குக் கறுத்த பல் கூசுகிறது; போதாததற்கு, நாம் பெயர்ப்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதிய பயணிகளின் அருவருப்பை. அவர்கள் முகம் சுளித்தால் தமிழும் சுளிக்க வேண்டுமா? முகத்தில் நீரோடு குழைத்துத் தூரிகையால் பூசிய 'ஒஷிரோய்' நம் கட்டுரைகளில் வெறும் 'பவுடர்' ஆகிறது. ஈயமோ பாதரசமோ சேர்ந்த அந்த வெள்ளையால் உடல் கெட்ட கதை அதோடு காணாமல் போகிறது. எடோ காலத்தின் பிற்பகுதியில் பரவிய உதட்டு ஒப்பனையை 'பச்சை உதட்டுச்சாயம்' என்கிறார்கள். பச்சைச் சாயமே அங்கே கிடையாது. குசும்பாப் பூவிலிருந்து எடுத்த விலையுயர்ந்த சிவப்பை அடுக்கடுக்காகப் பூசினால், காய்ந்ததும் மேலே பச்சை மினுங்கும். அந்த மினுக்கத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயர்களில் ஒன்று ஒரு வண்டின் பெயர். தீப்பெட்டிக்குள் நாம் வளர்த்த பொன்வண்டின் இனம்தான் அது. 'பொன்வண்டு நிறம்' என்று எழுதுங்கள், போதும்.