லேபர் வார்டுக்குள் உங்களோடு ஒருவர் இருக்கலாம்: பிரசவத் துணை பற்றி ஒரு விளக்கம்

என் தங்கையை ஒரு அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தோம். இரவு இரண்டு மணி இருக்கும். லேபர் வார்டில் ஆறு பேர் வலியில் கிடந்தார்கள். பார்த்துக்கொள்ள ஒரே ஒரு சிஸ்டர், ஒரு ஆயாம்மா. சிஸ்டர் ஓரத்துக் கட்டிலில் குழந்தை எடுத்துக்கொண்டிருந்தார். மற்ற ஐந்து பேர் பக்கம் அவரால் திரும்பவே முடியவில்லை. எங்களைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கதவுக் கண்ணாடி வழியே தங்கையின் கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருப்பது மட்டும் தெரிந்தது. தண்ணீர் கேட்டுக் கேட்டுப் பார்த்து விட்டுவிட்டேன் என்று மறுநாள் சொன்னாள்.

அந்த நேரத்தில் எங்களில் ஒருவர் உள்ளே இருந்திருக்கலாம். அதற்கு அரசின் வழிகாட்டுதலே உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது.

இதை பிரசவத் துணை என்கிறார்கள். வார்டில் சிஸ்டர்கள் 'பர்த் கம்பேனியன்' என்பார்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இந்த ஏற்பாடு 2004-லேயே வந்துவிட்டது. நாட்டிலேயே முதலில் கொண்டுவந்தது நாம்தான். மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் எல்லா மாநிலங்களுக்கும் இதைப் பரிந்துரைத்தது. 2017 டிசம்பரில் தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டத்தில் லேபர் வார்டின் தரத்தை மதிப்பிடும்போது, துணைக்கு ஆள் அனுமதிக்கப்படுகிறாரா என்பதையும் பார்க்கிறார்கள். ஆகவே இது சிஸ்டர் மனமிரங்கிச் செய்யும் சலுகை இல்லை. தயங்காமல் கேளுங்கள்.

ஒருவர் பக்கத்தில் இருப்பதால் என்ன ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த 26 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2017-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. வலி தொடங்கியதிலிருந்து கூடவே ஆள் இருந்த பெண்களுக்கு இயல்பான பிரசவம் கூடுதலாகவும், சிசேரியன் குறைவாகவும் இருந்தது. வலி நேரமும் சற்றுக் குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் பிரசவிக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் விரும்பும் துணை வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆள் பற்றாத வார்டில் இதன் அருமை இன்னும் அதிகம். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரப் பிரசவத்துக்கு மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். அப்படியென்றால் ஒரு நேரத்தில் ஒருவர்தான். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இரண்டு கட்டிலில் ஒரே நேரத்தில் நிற்க முடியாது.

யார் போகலாம்? பெண் உறவினராக இருக்க வேண்டும், தானும் பிரசவ வலி கண்டவராக இருந்தால் நல்லது என்கிறது வழிகாட்டுதல். அம்மா, அக்கா, மாமியார், அத்தை, யாராக இருந்தாலும் சரி, பிள்ளை பெறப்போகிறவள் தேர்ந்தெடுக்க வேண்டும். மாமியாரைப் பார்த்தாலே பதறுகிற பெண்ணுக்கு மாமியார் துணை ஆகாது. இதை வீட்டில் முன்கூட்டியே பேசித் தீர்த்துவிடுங்கள். மறைப்பும் தனியிடமும் உள்ள இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம் என்று உண்டு. ஆனால் வரிசையாகக் கட்டில் போட்ட பொது வார்டில் மற்ற பெண்களும் இருப்பதால் அது நடக்காது. போகிறவருக்குத் தொற்றுநோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடை வேண்டும். பாதியில் ஆள் மாறாமல் கடைசிவரை இருக்க வேண்டும். சிசேரியன் என்று முடிவானால் அவர் வெளியில்தான் காத்திருக்க வேண்டியிருக்கும்.

உள்ளே போனதும் என்ன செய்வது? முதல் வேலை கையைப் பிடித்துக்கொள்வது. இடுப்பை நீவிவிடுங்கள். சிஸ்டரைக் கேட்டுக்கொண்டு தண்ணீர் கொடுங்கள், கொஞ்சம் நடக்க வையுங்கள். பக்கத்துக் கட்டில் பெண்ணைக் கவனிக்கப் போக வேண்டாம். மருத்துவ வேலையில் குறுக்கிடவும் வேண்டாம். சிஸ்டர் சொல்வதற்கு முன் "முக்கு, முக்கு" என்று அவசரப்படுத்தாதீர்கள். வயிற்றை மேலிருந்து அமுக்கவே கூடாது, யார் சொன்னாலும் சரி.

இன்னொரு வேலை, கண்ணைத் திறந்து வைத்திருப்பது. பனிக்குட நீர் பச்சையாக வந்தால், கடுமையான தலைவலி, கண் மங்கல், வலிப்பு என்று எது வந்தாலும் அந்த நொடியே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். குழந்தை பிறந்தவுடன் எல்லோருடைய கவனமும் குழந்தை மேல் போய்விடும். தாய்க்கு ஆபத்தான ரத்தப்போக்கு பெரும்பாலும் அதற்குப் பிந்தைய சில மணி நேரத்தில்தான் வரும். அடியில் விரித்த துணி அடுத்தடுத்து நனைந்தால், அவள் வெளிறிப்போனால், மயக்கம் வருகிறது என்றால், கூச்சப்படாமல் உரக்கச் சொல்லுங்கள்: "சிஸ்டர், ரத்தம் நிறையப் போகுது." முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க உதவுவதும் துணைக்கு வந்தவரின் வேலைதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். துணைக்குப் போகிறவர் நர்ஸ் இல்லை. காலியாகக் கிடக்கும் நர்ஸ் பணியிடத்தை உங்கள் அம்மாவை வைத்து நிரப்புவது இந்த ஏற்பாட்டின் நோக்கமும் இல்லை. ஊசி போடுவதும் குளுக்கோஸ் மாற்றுவதும் நம் வேலையல்ல. செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

துணையை உள்ளே விடமாட்டோம் என்று சொன்னால்? வலி வந்த பிறகு வாசலில் வாதாடுவது கடினம். எட்டாம், ஒன்பதாம் மாதப் பரிசோதனைக்குப் போகும்போதே, "பிரசவத்துக்கு எங்க அக்கா கூட இருப்பாங்க" என்று டாக்டரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லி வையுங்கள். அன்றைக்கும் மறுத்தால் பணியில் இருக்கும் மருத்துவரைக் கேளுங்கள், அப்புறம் மருத்துவமனைக் கண்காணிப்பாளரை. 104 என்ற சுகாதார உதவி எண்ணில் புகாரும் சொல்லலாம்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2011 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம் எல்லாமே இலவசம். சுகப்பிரசவத்துக்கு 3 நாளும் சிசேரியனுக்கு 7 நாளும் வரை சாப்பாடும் உண்டு. குழந்தையைக் காட்ட, கட்டில் தள்ள என்று யார் கை நீட்டினாலும் கொடுக்க வேண்டியதில்லை. அதையும் 104-ல் சொல்லலாம். டிஸ்சார்ஜ் அன்று ஆட்டோ தேட வேண்டாம், 102 தாய் சேய் ஊர்தி வீடு வரை கொண்டுவந்து விடும். முதல் நாளே வார்டில் சொல்லி வைத்தால் காத்திருக்கும் நேரம் குறையும்.