இறக்கையில் படியும் பனி: பயப்பட வேண்டியது எடைக்கு அல்ல

கனடாவின் ஒன்டாரியோவில் சிறு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பைலட் லைசென்சுக்காக ஊரிலிருந்து வரும் பிள்ளைகளிடம், குளிர் தொடங்கியதும் நான் முதலில் சொல்வது: கையுறையைக் கழற்றிவிட்டு இறக்கையின் மேல்பக்கத்தைத் தடவிப் பார். நவம்பர் காலை ஒன்றில் ஒரு மாணவர் அப்படித் தடவிவிட்டு, "லேசா சொரசொரன்னு இருக்கு சார், ஓட ஆரம்பிச்சா காத்துல போயிடும்" என்றார்.

போகாது. அந்தச் சொரசொரப்புதான் ஆளைக் கொல்லும்.

பனி என்றால் எல்லோரும் எடையைத்தான் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, இறக்கையின் வடிவம் கெடுவது. வழுவழுப்பான வளைவை ஒட்டிக் காற்று ஓடினால்தான் இறக்கை தூக்கும். முரட்டு உப்புத்தாள் அளவுக்கு மெல்லிய படிவு இருந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் குறையலாம், இழுவை 40 சதவீதம் வரை கூடலாம். வழக்கமான வேகத்திலேயே விமானம் ஸ்டால் ஆகிவிடும், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்துவிடும். ஸ்டாலுக்கு முன் ஒலிக்கும் எச்சரிக்கை ஹாரனும் நம்மைக் காப்பாற்றாது, அது சுத்தமான இறக்கைக்குக் கணக்குப் பார்த்து வைத்தது.

வானத்தில் கதை இன்னும் மோசம். பூஜ்ஜியத்துக்குக் கீழே போயும் மேகத்துளிகள் உறையாமல் நீராகவே மிதக்கும், ஏதாவது ஒன்றில் மோதியதும் உறையும். பூஜ்ஜியத்திலிருந்து மைனஸ் 20 டிகிரி வரை இதை எதிர்பார்க்க வேண்டும். சின்னத் துளி வெள்ளையாக, சொரசொரப்பாக முன்விளிம்பில் ஒட்டும். பெரிய துளி பின்னால் வழிந்து கண்ணாடிபோல் உறையும், அதனால் பார்ப்பதே கஷ்டம். இங்கே பேரேரிகள் உறைவதற்கு முன்பு, குளிர்காலத் தொடக்கத்தில், ஏரியின் ஈரம் ஏறிய தாழ்வான மேகங்களில் இது சர்வசாதாரணம்.

மெல்லிய பாகங்களில்தான் முதலில் படியும். அதனால் வெளி வெப்பமானியின் முனையைப் பார்க்கச் சொல்வேன். வால் இறக்கையும் மெல்லியதுதான், ஆனால் அது பைலட் கண்ணுக்குத் தெரியாது. இறங்கும்போது ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் பலகை) போட்டதும் விமானத்தின் மூக்கு சட்டென்று கீழே சாய்ந்தால், வாலில் பனி என்று எடுத்துக்கொண்டு, போட்ட ஃபிளாப்பை உடனே எடுத்துவிட வேண்டும்.

ஆட்டோபைலட்டையும் நம்பாதீர்கள். விமானம் திணறுவதை அது நம் கைக்குத் தெரியவிடாமல் தானே சமாளித்துக்கொண்டிருக்கும், முடியாத கட்டத்தில் சட்டென்று கைவிட்டுவிடும். 1994 அக்டோபர் 31 அன்று இண்டியானாவின் ரோஸ்லான் அருகே ஒரு ஏடிஆர் 72 பயணிகள் விமானம் வட்டமடித்துக் காத்திருந்தபோது, பனி நீக்கும் ரப்பர் பட்டைகளுக்குப் பின்னால் பெரிய துளிகள் உறைந்தன. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பலகையான எய்லரான் தானாகத் திரும்பி, ஆட்டோபைலட் விலகி, விமானம் புரண்டது. 68 பேரும் இறந்தார்கள். அது பனியில் பறக்க அனுமதி பெற்ற விமானம்.

நாம் ஓட்டும் செஸ்னா 172இல் அந்தப் பட்டைகூடக் கிடையாது. பிட்டோ ஹீட்டர் (காற்று வேகத்தை உணரும் குழாயைச் சூடாக்குவது) வேகமானியைத்தான் காக்கும், இறக்கையை அல்ல. மேகத்துக்குள் பனி கண்ணில் பட்டதுமே வந்த வழியே திரும்புங்கள், கன்ட்ரோலரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். "இன்னும் அஞ்சு நிமிஷம்தானே" என்று மட்டும் நினைக்காதீர்கள்.

அன்றைக்கு அந்த விமானத்தைச் சூடான ஹேங்கருக்குள் தள்ளினோம். பனி சீக்கிரமே உருகிவிட்டது. ஆனால் எய்லரான் கீல் இடுக்கில் தங்கும் தண்ணீர் வெளியே வந்ததும் மறுபடி உறையும். அதனால் துணியை விரலில் சுற்றி, ஒவ்வொரு கீலாக அந்த மாணவரையே துடைக்கச் சொன்னேன். முடிக்க அரைமணி நேரம் ஆனது.