ஆறு மணி நேரம் கழித்தும் உறையாத ரத்தம்

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில், விடியுமுன் பால்வெட்டப் போனவரின் காலில் ஏதோ கடித்துவிட்டது. துவர்த்தால் (துண்டால்) இறுகக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறார். பாடம் நடத்தாமல், ஒரு நோயாளியின் பிரச்சினையைத் தாள் தாளாகக் கொடுத்து மாணவிகளையே தேட விடும் வகுப்பு இது. நர்சிங் மாணவிகள் எட்டுப் பேருக்கு நான் கொடுத்த முதல் தாளில் இவ்வளவுதான்.

"விஷமுறிவு ஊசி போடணும் மிஸ்" என்றார்கள் உடனே. நான் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி, "எங்கப்பாவும் பால்வெட்டுதான். அந்நேரம் கும்மிருட்டு, நெற்றி லைட் மட்டும்தான் இருக்கும். கடிச்சது பாம்புதான்னு எப்படித் தெரியும்?" என்றாள். அப்புறம்தான் கேள்விகள் வந்தன. கட்டை எப்போது அவிழ்ப்பது? சில பாம்புகளின் விஷம் ரத்தத்தை உறையவிடாது; உறைகிறதா என்று பார்க்க ஏன் கண்ணாடிக் குழாய்? பிளாஸ்டிக் குழாயிலோ சோப்பு போட்டுக் கழுவிய குழாயிலோ, உறைய வேண்டிய ரத்தமும் 20 நிமிடத்தில் உறையாமல் நம்மை ஏமாற்றிவிடும் என்பதை அவர்களே தேடிப் படித்து வந்தார்கள்.

இரண்டாம் தாள்: ரத்தம் உறையவில்லை, ஊசி போட்டாயிற்று, ஆறு மணி நேரம் கழித்தும் உறையவில்லை. கடித்தது கண்ணாடிவிரியன் என்றால் இன்னொரு முறை மருந்து தேவைப்படலாம். ஆனால் இங்கே கிடைக்கும் மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்குத்தான். மலையடிவாரத் தோட்டங்களில் சருகு நிறத்தில் கிடக்கும், மூக்கு தூக்கிய குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. அந்த விஷமும் ரத்த உறைவைக் கெடுக்கும், சிறுநீரகத்தையும் தாக்கும். அப்படியானால் ஒரு நர்ஸ் எதைக் கவனிக்க வேண்டும்? சிறுநீர் அளவை மணிக்கு மணி குறிப்பது எதற்கு என்று அன்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் மருத்துவ மாணவர்களுக்குத் தொடங்கிய முறை இது. நோயாளியின் பிரச்சினை முதலில், பாடம் பிறகு. எல்லாவற்றுக்கும் இது சரிவராது. ஊசி போடும் முறையை நேராகக் காட்டித்தான் கொடுக்க வேண்டும். முன்பு நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் இதற்கென்று கால அட்டவணையில் நேரம் இருந்தது. ஆனால் பத்து நிமிடத்தில் ஆசிரியரே விடையைச் சொல்லிவிடுவார். பிள்ளைகள் தலைப்புகளைப் பங்குபோட்டு ஸ்லைடு வாசிப்பார்கள். அந்த வகுப்பில் யாரும் ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. எட்டுப் பேருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும், அவருக்கு வாயை மூடியிருக்கப் பயிற்சியும் வேண்டும்.

அடுத்த தாளை எழுதிக்கொண்டிருக்கிறேன். தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்குப் போய், வாரக்கணக்கில் கழித்துக் கரை திரும்பும் சர்க்கரை நோயாளி ஒருவர். படகில் இன்சுலினை எங்கே வைத்திருந்தார் என்பதை முதல் தாளில் எழுதப் போவதில்லை.