டென்ட் அடிக்கும் முன் மலையின் மேலே பாருங்கள்

இலங்கையின் மலையகத்தில் கேம்பிங் போக விரும்பி என்னைத் தொடர்பு கொள்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தோடுதான் வருகிறார்கள். கீழே மேகம், விளிம்பில் ஒரு டென்ட், தூரத்தில் சூரியன். "அண்ணா, இந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவீங்களா?" மலைவழிகாட்டியாக நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த மாதம் வருகிறீர்கள்? இடத்தை முடிவு செய்துவிட்டு லீவைத் தேடுவது எங்கள் மலைக்குச் சரிவராது. முதலில் மாதம், அடுத்து மலையின் எந்தப் பக்கம், அப்புறம் படுக்கும் நிலம். காட்சி கடைசியில்தான்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதும். கினிகத்தேனை, வட்டவளை, நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா எல்லாம் நாள்கணக்காக நனையும். அதே காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே ஊவாவுக்குள் இறங்கும்போது ஈரத்தை இழந்து, கச்சான் என்கிற வறண்ட காற்றாக அடிக்கும். பண்டாரவளையில் தூசி பறக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை நிலைமை தலைகீழ். வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று ஊவாவின் பதுளைப் பக்கத்தையும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவையும் நனைக்க, மேற்கே ஹட்டன் பக்கம் வெளிக்கத் தொடங்கும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள் இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுவது ஜூலை முதல் செப்டெம்பர் வரை, மேற்கே டிம்புள்ள பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை. தேயிலைக்கு வாசம் ஏறுவது வறண்ட காற்றில்தான். டென்டுக்கும் அந்தக் காற்றுதான் நல்லது.

கடலையும் மலையையும் ஒரே பயணத்தில் சேர்க்க நினைப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும். ஜூன், ஜூலையில் கிழக்குக் கரையின் அறுகம்பேயில் நின்றுவிட்டு மொனராகலை, வெல்லவாய வழியாக எல்லவுக்கோ அப்புத்தளைக்கோ ஏறினால் இரண்டு இடத்திலும் வெயில் இருக்கும். அதே மாதத்தில் தெற்குக் கரையின் மிரிஸ்ஸவையும் மஸ்கெலியாவையும் சேர்த்தால் இரண்டு இடத்திலும் நனைய வேண்டியதுதான். அந்த ஜோடிக்கு ஜனவரி, பெப்ரவரி நல்லது.

இரண்டு பருவத்துக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரலும் ஒக்டோபர், நவம்பரும் ஆளை ஏமாற்றும். காலையில் துடைத்து வைத்த மாதிரி வானம் இருக்கும். பகல் இரண்டு மணிக்குப் பிறகு மேகம் கட்டி, இடியோடு கொட்டும். இந்த மாதங்களில் நாரங்கல மாதிரி மொட்டை உச்சியில் படுக்க நான் யாரையும் கூட்டிப் போவதில்லை, எவ்வளவு காசு தந்தாலும். மேலே உயரமாக நிற்பது நீங்களும் உங்கள் டென்ட் கம்பியும் மட்டும்தான். தனி மரத்தடிக்கு ஓடுவதும் பாதுகாப்பு இல்லை.

சரி, மாதமும் பக்கமும் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி நிலம். செங்குத்தான மலையில் ஓரிடம் தானாகச் சமமாக இருந்தால், அது ஏன் சமமாக இருக்கிறது என்று யோசியுங்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான பழைய லயம் இருந்து இடிந்த தரையாக இருக்கலாம், அது பரவாயில்லை. ஓடை வெள்ளக் காலத்தில் கொண்டுவந்து பரப்பிய மணலும் உருண்டைக் கல்லுமாக இருக்கலாம். எப்போதோ மேலிருந்து சரிந்து வந்த மண் தங்கிய இடமாகவும் இருக்கலாம். மண்ணும் பாறையும் ஒன்றாய்க் கலந்து கிடப்பது, மேடும் பள்ளமுமான தரை, வெயில் காலத்திலும் ஊறிக்கொண்டே இருக்கும் ஈரம், அடியில் வளைந்து மேலே நிமிர்ந்த மரங்கள் — இவையெல்லாம் சேர்ந்து தென்பட்டால் அங்கே பையைக்கூட இறக்காதீர்கள்.

தேயிலை மலையில் கான் என்று ஒன்று உண்டு. மழைத்தண்ணீர் மண்ணை அரித்துப் போகாமல், சரிவுக்குக் குறுக்காக வெட்டி ஓரமாகக் கடத்திவிடும் வடிகால். மலையைப் பராமரிக்கும்போது கானையும் வெட்டி விடுவார்கள். கைவிடப்பட்ட, காடு மண்டிய தேயிலையில் கான் தூர்ந்து கிடக்கும். தண்ணீர் போக வழியில்லாமல் மண்ணுக்குள் இறங்கி, சரிவைக் கனமாக்கும். ஒருமுறை நமுனுகுல அடிவாரத்தில் நான் கூட்டிப்போன பையன்கள் புல் படர்ந்த ஒரு மேடையைப் பார்த்ததும் டென்டை விரிக்கத் தொடங்கிவிட்டார்கள். கொழுந்துக் கூடையோடு வந்த அம்மா ஒருவர் நின்று பார்த்தார். "தம்பி, அங்க படுக்காதீங்க. மேல கான் அடைச்சுக் கெடக்கு, வெட்டி மூணு வருசமாச்சு. மழ பேஞ்சா தண்ணி இங்கதான் வந்து பாயும்." "இன்னைக்கு மழ வருமா அம்மா?" என்று ஒரு பையன் கேட்டான். "அது எனக்கு எப்படித் தெரியும்? வந்தா எங்க வரும்னு தெரியும்." நாங்கள் ஐம்பது அடி தள்ளி, பாறை தாங்கிய முதுகுப் பக்கம் மாறினோம். அன்றிரவு பெரிய மழை ஒன்றும் இல்லை. தூறல்தான். காலையில் போய்ப் பார்த்தபோது அந்த மேடையில் கால் புதைந்தது.

மண்சரிவுக்குச் சில முன்னறிகுறிகள் உண்டு. தரையில் புது வெடிப்பு, சாயத் தொடங்கிய மரம் அல்லது கம்பம், தெளிவாக ஓடிய ஊற்று திடீரென்று கலங்குவது, இல்லாத இடத்தில் புது ஊற்று கிளம்புவது, இருந்த ஊற்று நின்றுபோவது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் அவதானம், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயார், சிவப்பு என்றால் உடனே வெளியேற்றம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை தாண்டினாலே முதல் கட்டம் வரும். 100, 150 என்று கூடக் கூட அடுத்த கட்டங்கள். ஊர்க்காரருக்கு மஞ்சள் அவதானமாக இருக்கலாம். டென்டில் படுக்கிறவருக்கு மஞ்சளே சிவப்புதான் என்பது என் கணக்கு. அவருக்குச் சுவரும் இல்லை, இருட்டில் இறங்க வழியும் தெரியாது.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குள் போனது சனம் குடியிருந்த லயங்கள். அது ஆபத்தான இடம் என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகம் முழுக்கச் சரிவுகளைக் கிழித்துப் போட்டுவிட்டது. அதற்கு முன் எடுத்த படத்தையோ போனில் இறக்கி வைத்த பழைய பாதையையோ நம்பி இப்போது போகாதீர்கள்.

தண்ணீர் ஓரத்தில் படுக்க எல்லோருக்கும் ஆசை. ஓடையிலிருந்து தள்ளி, வெள்ளம் விட்டுப்போன சருகும் குச்சியும் தொங்கும் உயரத்துக்கும் மேலே இடம் பாருங்கள். உங்கள் தலைக்கு மேல் மழை இல்லாவிட்டாலும் மேலே பெய்தால் ஓடை பெருகும். மவுசாகலை, லக்ஸபான, மேல் கொத்மலை என்று நீர்த்தேக்கங்களுக்குக் கீழே உள்ள ஆற்றங்கரைகளில் இன்னொரு ஆபத்து, அணையின் வான்கதவு. பருவமழைக் காலத்தில் அது எந்த நேரமும் திறக்கப்படலாம். குடிக்கிற தண்ணீரைப் பொறுத்தவரை, மேலே தேயிலையோ மரக்கறித் தோட்டமோ இருந்தால் அதை விட்டுவிடுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பயிருக்கு அடித்த மருந்து போகாது.

வெளியூர்க்காரர் சிறுத்தையைப் பற்றிக் கேட்பார்கள், அட்டையைப் பற்றிக் கேட்பார்கள். குளவியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தோட்டத்துச் சனம் பயப்படுவது அதற்குத்தான். குளவிக் கொட்டுக்கு ஆளாகி யாராவது ஆஸ்பத்திரிக்குப் போகாத தோட்டம் இல்லை. குளவியோ மலைத்தேனீயோ, கூடு இருப்பது உயரமான யூக்கலிப்டஸ் கிளையிலும் பாறை நெற்றியிலும். பருந்து கொத்தினாலும் காற்று ஆட்டினாலும் புகை போனாலும் கலைந்து வரும். அதனால் அடுப்பு மூட்டுமுன் தலைக்கு மேலே சுற்றிலும் அண்ணாந்து பாருங்கள். கலைந்துவிட்டால் கையை வீசி அடிக்காமல் முகத்தை மூடிக்கொண்டு தூரமாக ஓட வேண்டும். நிறையக் கொட்டு விழுந்தால் வலி குறைகிறதா என்று காத்திருக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. ஊவாவில் கச்சான் காலத்தில் நெருப்பே வேண்டாம். மாணாப்புல் பற்றினால் மலை முழுக்க எரியும்.

குளிரைச் சிலர் அலட்சியம் செய்கிறார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 பாகை குறையும். நுவரெலியா 1,868 மீட்டர், ஹோர்ட்டன் சமவெளி 2,000 மீட்டருக்கும் மேலே. ஜனவரி, பெப்ரவரியில் அங்கே புல்லில் உறைபனி பிடிக்கும். குளிர்காற்று கனமானது, இரவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே பள்ளத்தடியிலும் வேண்டாம், காற்று அறையும் முகட்டிலும் வேண்டாம், முகட்டுக்குச் சற்றுக் கீழே மறைவான பக்கம் நல்லது. கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடியைத் தாழ வெட்டிவிட்ட மலைக்குள் டென்ட் விரித்தால் வெட்டிய கட்டை டென்டின் அடியைத் துளைத்துவிடும், சின்ன விஷயம்தான். பெரிய விஷயம், குளிருக்காகக் கரியடுப்பையோ கேஸ் அடுப்பையோ டென்டுக்குள் எடுத்து ஜிப்பை மூடுவது. கார்பன் மொனொக்சைடுக்கு மணம் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹோர்ட்டன் சமவெளியில் வனஜீவராசிகள் திணைக்களம் ஒதுக்கிய இடங்களில் மட்டும். நக்கிள்ஸ் பாதுகாப்பு வனத்துக்கு வனத் திணைக்களத்திடம் கேட்க வேண்டும். தேயிலை மலை யாருமில்லாத காடு மாதிரித் தெரியும், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் தோட்ட நிர்வாகம் உண்டு. தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேளுங்கள். அப்படியே பக்கத்து லயத்திலும் போய் எங்கே படுக்கிறீர்கள், எத்தனை பேர், காலையில் எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்று சொல்லி வையுங்கள். இடர் முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990. ஆனால் பல சரிவுகளில் சிக்னல் கிடைக்காது. நடுச்சாமத்தில் மழை கூடினால் டோர்ச்சோடு ஏறி வந்து உங்களை எழுப்பக்கூடியவர்கள் அந்த லயத்துக்காரர்கள்தான். நீங்கள் மேலே இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.