டிஸ்க் நல்லாத்தான் இருக்கு, வேகம் ஏன் போச்சு?

"ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு, மாத்திடுங்க" என்று சொல்லிக் கொண்டுவரும் கணினிகளில் சிலவற்றில் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் என்னிடம் வந்த ஒரு கணினியை, அதற்குள் இரண்டு முறை ஃபார்மேட் செய்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் சில நாள் நன்றாக ஓடியிருக்கிறது, பிறகு பழைய கதைதான். பெரிய கோப்பை நகலெடுத்தால் மவுஸ் திக்கித் திக்கி நகரும், பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும்.

அந்தத் திக்கல்தான் துப்பு. தரவைக் கடத்தும் வேகமான டிஎம்ஏ முறையிலிருந்து டிஸ்க் மெதுவான பிஐஓ முறைக்கு இறங்கியிருந்தது. பிஐஓ முறையில் ஒவ்வொரு துளித் தரவையும் பிராசஸரே சுமந்தாக வேண்டும். வேறு வேலைக்கு அதற்குக் கை ஓயாது. டிஎம்ஏ முறையில் பிராசஸர் உத்தரவு மட்டும் கொடுக்கும், தரவு நேராக நினைவகத்துக்குப் போய்விடும். பிஐஓவின் 4ஆம் நிலைக்கு உச்சவரம்பு நொடிக்கு 16.7 மெகாபைட். அல்ட்ரா டிஎம்ஏ 5ஆம் நிலைக்கு 100.

டிஎம்ஏவை அணைத்தது யார்? விண்டோஸேதான். தரவு வரும் வழியில் பிழைகள் சேர்ந்து ஆறைத் தொட்டதும், எக்ஸ்பி வேகத்தை ஒரு படி குறைக்கும். குறைத்துக்கொண்டே போய்க் கடைசியில் பிஐஓவில் நிற்கும். டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ சேனலின் (அந்தக் கால டிஸ்க்குகளின் இணைப்பு வழி) அமைப்பில் டிஎம்ஏ என்றே தேர்வாகியிருக்கும், நடப்பு முறை மட்டும் பிஐஓ என்று காட்டும். அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி துவக்கினால் வேகம் திரும்பிவிடும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு வருத்தம் தருவது இதுதான். பிழை வந்ததால்தானே இறங்கியது? அந்தக் கணினியில் பழைய 40 கம்பிக் கேபிளின் மடிப்பு நைந்திருந்தது. நொடிக்கு 33 மெகாபைட்டைத் தாண்ட வேண்டுமென்றால் 80 கம்பிக் கேபிள் வேண்டும். கூடுதலான 40 கம்பிகளும் இரைச்சலைத் தடுக்கும் தரைக் கம்பிகள். கேபிளை மாற்றிய பிறகு அந்தத் தொல்லை வரவே இல்லை.

ஐடிஇக்குப் பின் வந்த சாட்டா இணைப்பு கொண்ட டிஸ்க்குகளிலும் இதற்கு ஒப்பானது நடக்கிறது. நொடிக்கு 6 ஜிகாபிட் இணைப்பு, கேபிள் சரியில்லாவிட்டால் 3க்கோ 1.5க்கோ இறங்கலாம். சுழலும் டிஸ்க்கில் இது அவ்வளவாகத் தெரியாது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியில் நன்றாகவே உறைக்கும். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் நடப்பு வேகமும் உச்ச வேகமும் அருகருகே இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பயாஸில் (விண்டோஸுக்கு முன் துவங்கும் அடிப்படை அமைப்பு) டிஸ்க் முறை ஐடிஇ என்றிருப்பதை, சாட்டாவுக்கான ஏஹெச்சிஐ ஆக்கினால் ஒரே நேரத்தில் 32 கட்டளைகள் வரை வரிசையில் நிற்கும். சாட்டா எஸ்எஸ்டி முழு வேகத்தில் ஓட அது உதவும். ஆனால் அவசரப்பட்டு மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடலாம். முதலில் முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் நகலெடுங்கள். விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் சேஃப் பூட்டைத் தேர்ந்தெடுத்து, மறுதுவக்கத்தின்போது பயாஸை மாற்றி, சேஃப் மோடில் (குறைந்தபட்ச வசதிகளோடு துவங்கும் முறை) ஒருமுறை உள்ளே போய்விட்டு அந்தத் தேர்வை எடுத்துவிடுங்கள்.

புது டிஸ்க் வாங்கும் முன் டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199ஆம் எண்ணைப் பாருங்கள். வழியில் நேர்ந்த சிஆர்சி பிழைகளின் (தரவு சிதையாமல் வந்ததா என்ற சோதனையில் சிக்கியவை) கணக்கு அது. கேபிளை மாற்றினாலும் அந்தக் கணக்கு குறையாது, ஆகவே மாற்றும் முன் குறித்துவையுங்கள். ஒரு வாரம் கழித்தும் ஏறாமல் நின்றால் குற்றவாளி பழைய கேபிள்தான். ஏறினால் மதர்போர்டில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள்.