சிறுநீரில் கசியும் புரதத்தைக் காட்டிக்கொடுக்கும் தங்கம்

சிறுநீரகக் கோளாறு பெரும்பாலும் வலி எதுவும் காட்டாமலே வளரும். ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறியிருப்பது தெரியவரும்போது, வடிகட்டும் திறனில் பாதியளவு போயிருக்கவும் கூடும். சர்க்கரை நோயாளிகள் பலரிடம் சிறுநீர் அதற்கு முன்பே துப்புக் கொடுத்துவிடுகிறது. ரத்தத்திலேயே தங்க வேண்டிய அல்புமின் என்ற புரதம், வடிகட்டி சிதையத் தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரில் கசியும். சாயம் தோய்த்த வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டைகள் இந்த ஆரம்பக் கசிவைப் பல நேரம் தவறவிடும். நானோ தங்கத்துக்கு இங்கேதான் வேலை.

தங்கத்தைச் சுமார் 15 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால், அந்தக் கரைசல் ஒயின் சிவப்பாக இருக்கும். மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஒளி படும்போது துகளில் உள்ள எலக்ட்ரான்கள் ஒன்றாகச் சேர்ந்து ஊசலாடி, 520 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சை ஒளியை விழுங்கிவிடுகின்றன. மிச்சம் நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டிக்கொண்டால் எலக்ட்ரான்களின் ஊசலாட்டம் இணைந்துவிடும். விழுங்கும் அலைநீளம் 600-க்கு மேல் நகரும். கரைசல் ஊதாவாகி, பிறகு நீலமாகும். புதிதாக எந்தச் சாயமும் உண்டாவதில்லை. மாறுவது துகள்களுக்கு இடையே உள்ள தூரம் மட்டுமே.

சரி, துகள்கள் ஏன் தாமாகவே ஒட்டிக்கொள்வதில்லை? அவற்றின் மேல் போர்த்தியிருக்கும் சிட்ரேட் என்ற வேதிப்பொருளின் எதிர்மின்சுமை ஒன்றையொன்று தள்ளி வைக்கிறது. உப்பைச் சேர்த்தால் அந்தத் தள்ளுவிசை மங்கி, எல்லாம் திரண்டுவிடும். ஆனால் அல்புமின் இருந்தால் அது முந்திக்கொண்டு தங்கத்தின் மேல் படிந்து உறைபோல் காக்கும். அப்போது உப்பைப் போட்டாலும் சிவப்பு மாறாது. ஆக, எளிமையான இந்த வடிவத்தில் நீலம் என்றால் நிம்மதி, சிவப்பு அப்படியே நின்றால்தான் கவலை!

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை, கஷ்டம் தங்கத்தில் இல்லை, சிறுநீரில் இருக்கிறது. சிறுநீரிலேயே உப்பு நிறைய இருப்பதால், நேரடியாக ஊற்றினால் அல்புமின் இருக்கிறதா இல்லையா என்று தெரிவதற்குள் துகள்கள் திரண்டுவிடலாம். முதலில் நீர்க்கச் செய்ய வேண்டும். அப்புறம், வேறு புரதங்களும் தங்கத்தில் படியும். அதனால் அல்புமினை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடிகளையோ, ஆப்டமர் எனப்படும் குட்டி டிஎன்ஏ இழைகளையோ துகளோடு சேர்க்கிறார்கள். ஆப்டமர் முறையில் கதை தலைகீழாகலாம்: தங்கத்தைக் காத்துக்கொண்டிருந்த இழை அல்புமினைக் கண்டதும் அதனிடம் போய்விடும், காவல் இழந்த தங்கம் உப்பில் நீலமாகும்.

இன்னொரு சிக்கல் செறிவு. நிறையத் தண்ணீர் குடித்தவரின் சிறுநீரில் எல்லாமே நீர்த்திருக்கும். அதனால் அல்புமினை மட்டும் அளந்து பயனில்லை. தசைகளிலிருந்து ஓரளவு சீராக வரும் கிரியேட்டினினையும் அளந்து விகிதம் பார்க்க வேண்டும். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவான அல்புமின் இயல்பு. 30 முதல் 300 வரை மிதமான கசிவு. அதற்கு மேல் கடுமையானது. கிரியேட்டினினையும் தங்கத்தால் அளக்கலாம். அதன் நைட்ரஜன் அணுக்கள் துகளின் பரப்பில் ஒட்டி, துகள்களைத் திரளச் செய்யும்.

கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் தெரியும் சிவப்புக் கோடும் பெரும்பாலும் தங்க நானோ துகள்தான். ஆனால் அங்கே நிறம் மாறுவதில்லை. சிவப்புத் துகள்கள் ஒரே கோட்டில் போய்ச் சேர்கின்றன, அவ்வளவுதான். கோடு இருக்கிறதா இல்லையா என்றால் கண்ணே போதும். 30-ஐத் தாண்டிவிட்டதா என்று சொல்ல, ஊதாவின் சாயல்களைப் பிரித்தறிய வேண்டும். அதற்கு ஒளி அளக்கும் கருவியோ, வெளிச்சத்தைக் கட்டுப்படுத்திய பெட்டிக்குள் வைத்த கைபேசிக் கேமராவோ தேவைப்படுகிறது. அளவு சரியாக வந்தாலும் ஒரே சோதனையில் முடிவுகட்ட முடியாது. காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, சிறுநீர்த் தொற்று எல்லாமே அல்புமினைத் தற்காலிகமாக ஏற்றக்கூடியவை. கசிவு 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால்தான் மருத்துவர்கள் அதை நாள்பட்ட சிறுநீரக நோயின் அறிகுறியாகக் கொள்வார்கள்.